அப்பா சட்டைப் பாக்கெட்டுல கோல்ச்சிசின் அட்டையோடவே சுத்துறார் – யூரிக் ஆசிட் மாத்திரை பத்தி தெரிஞ்சவங்க வாங்க

டிகிரிகாபி (ஞாயிறு, மாலை)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயசு 64, கும்பகோணத்துல இருக்கார், நான் பெங்களூர்ல. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்த மறுநாள் விடியகாலைல கால் பெருவிரல் வீங்கி செவசெவன்னு ஆயி, போர்வை பட்டாக்கூட கத்துற அளவுக்கு வலி. தஞ்சாவூர்ல ஒரு டாக்டர் பாத்துட்டு கவுட்டுன்னு (யூரிக் ஆசிட் மூட்டுல படிஞ்சு வர்ற வலி) சொல்லி, யூரிக் ஆசிட்ட குறைக்க ஃபெபுக்சோஸ்டாட் 40, வலிக்கு கோல்ச்சிசின் 0.5 ரெண்டும் எழுதிக் கொடுத்தார். யூரிக் ஆசிட் 9.2 இருந்துச்சு, கிட்னிக்கு பாக்குற கிரியாட்டினின் 1.5.

வலி போனதும் அப்பா ஃபெபுக்சோஸ்டாட்ட நிறுத்திட்டார், "அது போட்டும் ஒண்ணும் தெரியல, இந்த சின்ன மாத்திரைதான் கேக்குது"ன்னு கோல்ச்சிசின மட்டும் சட்டைப் பாக்கெட்டுலயே வச்சுக்கிட்டு எப்ப விரல் லேசா சுருக்குன்னாலும் ஒண்ணு ரெண்டு போட்டுக்குறார். சீட்டு பழசு, மெடிக்கல்ல கேட்டா கொடுத்துடுறாங்க.

இப்ப வியாழக்கிழமைலேர்ந்து மறுபடி வீக்கம். கோல்ச்சிசின் ஒரு நாளைக்கு மூணு நாலுன்னு போட்டிருக்கார், கூடவே மெடிக்கல்ல மூட்டுவலிக்குன்னு காக்கி கவர்ல ஒரு செட்டு மாத்திரை வாங்கிருக்கார், என்னன்னு பேர் தெரியல. நடுவுல சளி காய்ச்சல்னு பக்கத்து கிளினிக்ல காமிச்சு அங்க கிளாரித்ரோமைசின் 500னு ஒரு ஆன்டிபயாடிக் காலைல ராத்திரின்னு கொடுத்திருக்காங்க, நேத்துலேர்ந்து போடுறார். இன்னைக்கு காலைலேர்ந்து பேதி, நாலஞ்சு தடவ போயிருக்கார், அம்மா சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனைக்கிறாங்க. மத்த மாத்திரை: பிரஷருக்கு டெல்மிசார்ட்டன்-எச், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் 20, ஆஸ்பிரின் 75 (2019ல இதயத்துல ஸ்டென்ட் வச்சது). என் கேள்வி என்னன்னா கோல்ச்சிசின இப்படி அப்பப்ப போட்டுக்குறது சேஃபா, இல்ல ஃபெபுக்சோஸ்டாட்ட மறுபடி ஆரம்பிக்கச் சொல்லவா?

பழையவலி (ஞாயிறு, மாலை)

நானும் இந்த வலியோட ரொம்ப வருஷம் குடும்பம் நடத்துனவன் தம்பி. எங்க காலத்துல டாக்டரே சொல்லுவார், வலி நிக்கிற வரைக்கும் இல்லாட்டி பேதி ஆகுற வரைக்கும் மணிக்கொண்ணு போடுன்னு. பேதி ஆனா மருந்து புடிச்சிருச்சுன்னு அர்த்தம். பயப்படாதீங்க, மோர் குடிக்கச் சொல்லுங்க.

மருந்துக்கடை மீனா (ஞாயிறு, இரவு)

டிகிரிகாபி, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், இத மொதல்ல படிங்க. அப்பாவ இனிமே ஒரு கோல்ச்சிசின் கூட போட விடாதீங்க, காக்கி கவர் மாத்திரையும் வேண்டாம். இன்னைக்கு ராத்திரியே கேஷுவாலிட்டி இருக்குற ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க. வீட்டுல இருக்குற எல்லா அட்டையையும் அந்த கவரோட சேத்து ஒரு பைல போட்டு எடுத்துட்டுப் போகணும், டாக்டர்கிட்ட வாயத் திறந்து "கோல்ச்சிசின் இத்தனை போட்டார், கூட கிளாரித்ரோமைசின் போட்டார்"னு ரெண்டு மருந்து பேரையும் சேத்து சொல்லணும், பேதின்னு மட்டும் சொன்னா ஓஆர்எஸ் கொடுத்து அனுப்பிடுவாங்க.

ஏன்னா கோல்ச்சிசின உடம்பு வெளியேத்துற வழி ரெண்டு இருக்கு, கல்லீரல்ல ஒரு நொதி, அப்புறம் செல்லுலேர்ந்து வெளிய தள்ளுற ஒரு பம்ப்பு. கிளாரித்ரோமைசின் இந்த ரெண்டையுமே அடைச்சிடும். மிச்சம் வெளிய போற வழி கிட்னி, அதுவும் உங்க அப்பாவுக்கு 1.5. அதனால போட்ட மாத்திரை உள்ளயே தேங்கும். ரெண்டும் சேந்து உயிரே போன கேஸெல்லாம் மருத்துவ இதழ்கள்ல வந்திருக்கு. பேதிதான் மொத எச்சரிக்கை. மோசமான விஷயம் என்னன்னா சில பேருக்கு வாந்தி பேதி நின்னு நல்லாயிட்ட மாதிரி இருக்கும், அதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு நாள்ல ரத்த அணு, கிட்னி, இதயம்னு ஒவ்வொண்ணா பாதிக்கும். டயாலிசிஸ் பண்ணாலும் இந்த மருந்து வெளிய வராது.

பழையவலி அண்ணே, கோவிச்சுக்காதீங்க, பேதி ஆகுற வரைக்கும்னு ஒரு காலத்துல சொன்னது உண்மைதான். இப்ப அப்படி யாரும் எழுதுறதில்ல. 2010ல வந்த ஒரு ஆராய்ச்சில மொத்தம் 1.8 மி.கி. கொடுத்தவங்களுக்கும் 4.8 மி.கி. கொடுத்தவங்களுக்கும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் குறைஞ்சுது, பேதி மட்டும் அதிக டோஸ்காரங்களுக்கு பல மடங்கு. இப்ப வழக்கமா எழுதுறது மொத ரெண்டு மாத்திரை, ஒரு மணி நேரம் கழிச்சு ஒண்ணு, அன்னைக்கு அவ்வளவுதான். அதுவும் கிட்னி சரியா இருக்குறவங்களுக்கு, வலி வந்த ஒரு நாளுக்குள்ள ஆரம்பிச்சா.

டிகிரிகாபி (ஞாயிறு, இரவு)

அக்கா ஃபோன் பண்ணிட்டேன், சித்தப்பா கார் எடுத்துட்டு வர்றார். கை நடுங்குது. அப்புறம் எழுதுறேன்.

மூலனூரான் (திங்கள், காலை)

அப்பாவுக்கு சரியாகட்டுங்க. மீனா அக்கா சொல்றது நூத்துக்கு நூறுங்க. எங்க மூலனூர், தாராபுரம் பக்கமெல்லாம் பந்தல் போட்டு கண்வலி விதை வெவசாயம் பண்றோம்ங்க, அதாங்க செங்காந்தள், நம்ம மாநிலப் பூ. அந்த விதைல இருந்து எடுக்குறதுதான் இந்த கோல்ச்சிசின், ஏவாரிக வந்து கிலோ கணக்குல வாங்கிட்டுப் போவாங்க, வெளிநாட்டுக்குத்தான் பெரும்பாலும் போகுது. காட்டுல வேல செய்யறவங்க கெழங்கத் தொட்டா கைய நல்லா கழுவாம சோத்துல வைக்க மாட்டாங்க, ஆடு மாடக்கூட அண்ட விடமாட்டோம். அத்தன வெசம்ங்க. அதே சரக்குதான் இத்துனூண்டு மாத்திரைல மருந்தா வருது, அத சட்டைப் பாக்கெட்டுல போட்டுட்டு சுத்துறாங்கன்னா எனக்கு திக்குங்குது.

கொள்ளிடம் (திங்கள், காலை)

இதுக்குத்தான் சொல்றோம் இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்னு. எங்ககிட்ட ஒரு மூலிகைப் பொடி இருக்கு, மூணே நாள்ல வலி போயிடும், யூரிக் ஆசிட் அடியோட போகும், பக்க விளைவு கிடையாது. வேணும்ங்கறவங்க இந்த நம்பருக்கு [நம்பர் நீக்கப்பட்டது – நிர்வாகம்]

வார்டு அக்கா (திங்கள், மதியம்)

நான் மதுரைல கிட்னி வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். மூணே நாள்ல வலி போற பொடின்னு சொல்லி சாப்பிட்டுட்டு முகம் உப்பிப் போயி, சுகர் ஏறி, கிரியாட்டினின் ஏறி வந்து படுக்குறவங்கள அடிக்கடி பாக்குறேன். பொடி சாப்பிடுறத நிறுத்துனதும் படுத்துடுவாங்க, எந்திரிக்கவே முடியாது, அதுலயே தெரிஞ்சிடும் உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு. நாட்டு மருந்த நான் குறை சொல்லல, முறையா படிச்ச சித்த மருத்துவர் கொடுக்குறது வேற, என்ன இருக்குன்னே எழுதாம டப்பால வர்றது வேற. அமெரிக்கால 2022ல எஃப்.டி.ஏ.ன்னு சொல்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆர்ட்ரி கிங்னு ஒரு "மூலிகை" மூட்டுவலி மாத்திரைய எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்தா உள்ள டைக்ளோஃபெனாக்னு வலி மாத்திரையும் டெக்சாமெத்தசோன்னு ஸ்டீராய்டும் இருந்துச்சு, லேபிள்ல ஒரு வரி கிடையாது.

மெடிக்கல்ல கொடுக்குற அந்த காக்கி கவர் செட்டும் இதே கதைதான். பொதுவா ஒரு வலி மாத்திரை, ஒரு ஸ்டீராய்டு, ஒரு கேஸ் மாத்திரைன்னு போட்டுக் கொடுப்பாங்க. டிகிரிகாபி அப்பா சாப்பிடுறது டெல்மிசார்ட்டன்-எச், அதுல எச்னு இருக்குறது ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது மூத்திரம் போக வைக்குற மாத்திரை. டெல்மிசார்ட்டன், தண்ணி எடுக்குற மாத்திரை, அது மேல டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை – இந்த மூணும் சேந்தா கிட்னிக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு படுத்துடும், அதுல பேதி வேற போனா கேக்கவே வேண்டாம். எட்டோரிகாக்சிப்னு இன்னொரு வலி மாத்திரைய "வயித்துக்கு நல்லது"ன்னு தைரியமா போடுவாங்க, கிட்னிக்கு அதுவும் ஒண்ணுதான், ஸ்டென்ட் வச்சவங்க தொடவே கூடாத மாத்திரை அது.

இன்னொரு விஷயம், அந்த எச்சே யூரிக் ஆசிட்ட ஏத்தும். ஃப்ரூசமைடுன்னு இன்னொரு தண்ணி எடுக்குற மாத்திரையும் ஏத்தும், 75 மி.கி. ஆஸ்பிரினும் கொஞ்சம் ஏத்தும், டிபி மாத்திரைல பைரசினமைடு ஏத்தும். அதனால யூரிக் ஆசிட் அதிகம்னு ரிப்போர்ட் வந்தா நெத்திலியையும் மட்டனையும் நிறுத்துறதுக்கு முன்னாடி மாத்திரை டப்பாவ ஒரு தடவ டாக்டர்கிட்ட கொட்டிக் காமிங்க. அதுக்காக ஆஸ்பிரின நீங்களா நிறுத்திடாதீங்கய்யா, ஸ்டென்ட் அடைச்சிட்டா கவுட்டெல்லாம் ஒரு விஷயமே இல்லாம போயிடும்.

பேலன்ஸ்ஷீட் (திங்கள், இரவு)

இந்த இழைல கேக்கலாமான்னு தெரியல. வயசு 34, ஓஎம்ஆர்ல வேலை. ஆபீஸ்ல மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்தாங்க, யூரிக் ஆசிட் 7.9னு பக்கத்துல ஸ்டார் போட்டு வந்துருக்கு. வலி எதுவும் இல்ல, காலைல எந்திரிச்சு மொத அடி வைக்குறப்ப மட்டும் குதிகால் வலிக்கும். ஃப்ரெண்டு ஒருத்தன் ஃபெபுக்சோஸ்டாட் 40 போடு, அவனும் போடுறானாம். மெடிக்கல் ஆப்ல கார்ட்ல போட்டு வச்சிருக்கேன், ஆர்டர் பண்ணவா?

மருந்துக்கடை மீனா (திங்கள், இரவு)

கார்ட்லேர்ந்து எடுத்துடுங்க சார் 🙂 குதிகால் வலி, அதுவும் மொத அடில, அது பெரும்பாலும் பாதத்துக்கு அடில இருக்குற ஜவ்வு இழுத்துப் பிடிக்குறது, யூரிக் ஆசிட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு கம்மி. நம்ம ஊர்ல எந்த மூட்டு வலிச்சாலும் மொத யூரிக் ஆசிட் டெஸ்ட் எழுதுறதும், அது 7க்கு மேல இருந்தா உடனே மாத்திரைன்னு ஆரம்பிக்கறதும் பழகிப் போச்சு, எங்க கவுண்டர்ல தினமும் பாக்குறேன், மாத்திரைய எதுக்குப் போடுறோம்னே தெரியாம மாசாமாசம் வாங்கிட்டுப் போறவங்க.

யூரிக் ஆசிட் அதிகமா இருக்குற நெறைய பேருக்கு ஆயுசுக்கும் கவுட்டு வராது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் (2020) வலியே வராதவங்களுக்கு வெறும் நம்பரப் பாத்து மாத்திரை ஆரம்பிக்க வேண்டாம்னுதான் சொல்லுது. சரி கிட்னியக் காப்பாத்தும்னு போடலாமேன்னு ஒரு எண்ணம் இருந்துச்சு, அதையும் 2020லேயே ரெண்டு பெரிய ஆராய்ச்சில அலோபூரினால்னு யூரிக் ஆசிட் குறைக்குற மாத்திரைய கொடுத்துப் பாத்துட்டாங்க, கிட்னி கெடுற வேகம் குறையல. 2022ல இதய நோயாளிங்ககிட்ட பாத்தாங்க, ஹார்ட் அட்டாக்கும் குறையல. கவுட்டு இருந்தா மருந்து தேவை, அடிக்கடி யூரிக் ஆசிட் கல்லு வந்தா தேவை, கீமோ கொடுக்குறப்ப சில பேருக்கு தேவை. ஸ்டார் போட்ட ரிப்போர்ட்டுக்கு மாத்திரை கிடையாது. எடை கூட இருந்தா குறைங்க, பீரும் பாட்டில் ஜூஸும் குறைங்க, பிரஷர் பாருங்க, குதிகாலுக்கு எலும்பு டாக்டர்கிட்ட காமிங்க.

பேலன்ஸ்ஷீட் (திங்கள், இரவு)

பீர் மட்டும்தானே பிரச்சனை, ரம் ஓகேவா 😅

பழையவலி (திங்கள், இரவு)

எல்லாமே ஏத்தும் தம்பி. பீரு கொஞ்சம் கூடுதலா ஏத்தும், அவ்வளவுதான் வித்தியாசம். அனுபவஸ்தன் சொல்றேன்.

டிகிரிகாபி (புதன், மாலை)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மீனா அக்காவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அட்மிட் போட்டு டிரிப்ஸ் ஏத்துனாங்க, கிரியாட்டினின் 2.3 இருந்துச்சு, இன்னைக்கு 1.7க்கு வந்துருக்கு, ரத்த அணுக்கள் தினமும் பாத்தாங்க, குறையல. தசை வலின்னு சொன்னதால அடோர்வாஸ்டாடின நிறுத்தி வச்சிருக்காங்க, கோல்ச்சிசினும் ஸ்டாட்டினும் சேந்தாலே சில பேருக்கு தசை பாதிக்கும்னு டியூட்டி டாக்டர் சொன்னார். ஆன்டிபயாடிக்க மாத்திட்டாங்க. காக்கி கவர்ல இருந்தது டைக்ளோஃபெனாக்கும் ஒரு ஸ்டீராய்டுமாம். கால் வலிக்கு இப்ப பிரட்னிசலோன்னு ஒரு ஸ்டீராய்டு அஞ்சு நாளைக்கு, சுகர் பாத்துக்கிட்டு.

டிஸ்சார்ஜ் பண்றப்ப பெரிய டாக்டர் உக்கார வச்சு பேசினார். எச் இல்லாத பிரஷர் மாத்திரை. ஃபெபுக்சோஸ்டாட் வேண்டாம், ரெண்டு மூணு வாரம் கழிச்சு கிட்னி செட்டில் ஆனதும் அலோபூரினால் 50 மி.கி.ல ஆரம்பிச்சு மெல்ல ஏத்தலாம்னார். அப்பா கேக்குறார், "நல்ல மாத்திரைய ஏன் மாத்துறாங்க"ன்னு. எனக்கும் புரியல, அலோபூரினால்தான் பழைய மருந்து, அதுல அலர்ஜி வரும்னு படிச்சேன்.

வடமராட்சியான் (புதன், இரவு)

தம்பி, அப்பாவுக்கு சுகம் வந்தது பெரிய சந்தோசம். நான் லண்டனில இருக்கிறன், எனக்கும் கவுட் இருக்கு. இஞ்சை ஸ்டென்ட் போட்ட ஆக்களுக்கு ஃபெபுக்சோஸ்டாட் குளிசை குடுக்க கொஞ்சம் யோசிப்பினம், அலோபூரினால்தான் முதல். எனக்கு 100இல துவங்கி ஒவ்வொரு மாசமும் ரத்தம் பாத்து பாத்து இப்ப 400இல நிக்கிறன். இஞ்சத்தைய ரிப்போட்டில நம்பர் வேற மாதிரி வரும், 360க்கு கீழ வரவேணும் எண்டு சொல்லுவினம், அது உங்கட 6. என்ட மச்சான் ஒருத்தர் கொழும்பில இருந்து தன்ட ரிப்போட்டை அனுப்பி 7.1 எண்டார், நான் என்ட 420ஐப் பாத்து பயந்துபோனன், பிறகுதான் விளங்கிச்சு ரெண்டும் ஒண்டுதான் எண்டு.

மருந்துக்கடை மீனா (புதன், இரவு)

டிகிரிகாபி, உங்க டாக்டர் சரியான காரணத்துக்குத்தான் மாத்துறார். 2018ல கேர்ஸ்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, இதய நோய் இருக்குற கவுட்டு நோயாளிங்க ஆறாயிரத்துக்கும் மேல, பாதிப் பேருக்கு ஃபெபுக்சோஸ்டாட் பாதிப் பேருக்கு அலோபூரினால். ஃபெபுக்சோஸ்டாட் பக்கம் இதயத்தால வர்ற இறப்பு கூடுதலா இருந்துச்சு. அதனால 2019ல எஃப்.டி.ஏ. பெட்டி கட்டி எச்சரிக்கை போட வச்சுது. அதுக்கப்புறம் 2020ல ஐரோப்பால ஃபாஸ்ட்னு இன்னொரு ஆராய்ச்சி, அதுல அப்படி எதுவும் தெரியல. அதனால அது கெட்ட மாத்திரைன்னு சொல்ல முடியாது, ஏற்கனவே இதய நோய் இருக்குறவங்களுக்கு வேற வழி இருக்குறப்ப எதுக்கு ரிஸ்க்குங்கறதுதான் கணக்கு. இங்க நம்ம ஊர்ல ஃபெபுக்சோஸ்டாட்தான் ரொம்ப எழுதுறாங்க, டோஸ் ஏத்துற வேலை கம்மி, கிட்னி கொஞ்சம் குறைஞ்சாலும் போடலாம்னு. ஸ்டென்ட் வச்சவங்க, ஹார்ட் அட்டாக் வந்தவங்க அத எழுதுனவங்ககிட்ட ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க, நீங்களா நிறுத்த வேண்டாம்.

அலோபூரினால் 1966லேர்ந்து இருக்கு. அதக் கண்டுபுடிச்ச கெர்ட்ரூட் எலியனுக்கும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸுக்கும் 1988ல நோபல் கொடுத்தாங்க, இன்னும் பல மருந்துகளுக்கும் சேத்துதான். அலர்ஜி உண்மை, அரிது, ஆனா வந்தா மோசம். தோல் உரிஞ்சு வாய் கண்ணெல்லாம் புண்ணாகிற அளவுக்குப் போகும். அது பெரும்பாலும் மொத ரெண்டு மூணு மாசத்துக்குள்ளதான் வரும், ஆரம்ப டோஸ் அதிகமா இருந்தா, கிட்னி குறைஞ்சிருந்தா ரிஸ்க் கூடும், அதனாலதான் 50. எடுத்த எடுப்புல 300 எழுதுறது தப்பு. மாத்திரை ஆரம்பிச்சப்புறம் தோல்ல சின்னதா தடிப்பு, அரிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு எது வந்தாலும் அடுத்த மாத்திரை போடாம அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும், "வேர்க்குரு"ன்னு பவுடர் அடிச்சிட்டு இருக்கக்கூடாது. அலர்ஜி வந்து நிறுத்துனவங்க அப்புறம் எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொத வார்த்தையா அதச் சொல்லணும். அலோபூரினாலோட அமாக்சிசிலின்னு ஆன்டிபயாடிக் சேத்தா தடிப்பு வர்றது கொஞ்சம் அதிகம், அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

எச்.எல்.ஏ-பி*58:01னு ஒரு மரபணு டெஸ்ட் இருக்கு. சீன, தாய்லாந்து, கொரிய வம்சாவளிக்காரங்ககிட்ட அது இருந்தா இந்த ரியாக்‌ஷன் வர வாய்ப்பு ரொம்ப அதிகம், தென்கிழக்கு ஆசியக்காரங்களுக்கும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கும் மாத்திரைக்கு முன்னாடி பாக்கச் சொல்றாங்க. நம்மகிட்ட எல்லாருக்கும் பாக்குற வழக்கம் இல்ல, டாக்டருக்கு சந்தேகம் இருந்தா எழுதுவார்.

டிகிரிகாபி (வியாழன், காலை)

இப்ப புரியுது அக்கா. அப்பாவோட அடிப்படை சந்தேகம் ஒண்ணு இருக்கு, "யூரிக் ஆசிட் மாத்திரை போட்டப்பதான் வலி இன்னும் அதிகமாச்சு, அதான் நிறுத்தினேன்"ங்கறார். அது உண்மையா இல்ல சாக்கா?

மருந்துக்கடை மீனா (வியாழன், காலை)

உண்மைதான், சாக்கு இல்ல. இங்கதான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுறாங்க, அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

கவுட்டுக்கு ரெண்டு வகை மருந்து. ஒண்ணு வலி வந்தப்ப தீய அணைக்குற மருந்து – கோல்ச்சிசின், வலி மாத்திரை, ஸ்டீராய்டு. இது யூரிக் ஆசிட்ட ஒரு புள்ளி கூட குறைக்காது. இன்னொண்ணு யூரிக் ஆசிட்ட குறைக்குற மருந்து – அலோபூரினால், ஃபெபுக்சோஸ்டாட். இது வலிய நிறுத்தாது, வலி நேரத்துல ஒண்ணுக்கு ரெண்டா போட்டாலும் பிரயோஜனம் இல்ல. உங்க அப்பா மொதல்ல சொன்னதப் பாருங்க, "அது போட்டும் ஒண்ணும் தெரியல". தெரியாதுதான், அது அப்படிப்பட்ட மாத்திரை.

ரத்தத்துல யூரிக் ஆசிட் 6.8க்கு மேல போனா கரைய முடியாம மூட்டுல ஊசி ஊசியா படியும். மாத்திரை போட்டு 6க்கு கீழ கொண்டு வந்தா பல வருஷமா படிஞ்சதெல்லாம் திரும்ப கரைய ஆரம்பிக்கும். கரையுறப்ப அந்தத் துகள் கலைஞ்சு மூட்டு கோவிச்சுக்கும், அதனால மாத்திரை ஆரம்பிச்ச மொத சில மாசத்துல வலி வர்றது சகஜம். மருந்து வேலை செய்யுது, அதான் வலி. இத யாரும் முன்கூட்டி சொல்லாததாலதான் ஆளுங்க "மாத்திரை ஒத்துக்கல"ன்னு நிறுத்திடுறாங்க. இதுக்காகத்தான் குறைக்குற மாத்திரையோட மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்கு தினமும் குறைஞ்ச டோஸ் கோல்ச்சிசினோ வேற ஏதாவதோ காவலுக்கு கொடுப்பாங்க. உங்க அப்பா கேஸ்ல கிட்னி பாத்துதான் முடிவு பண்ணணும்.

அப்புறம், போட்டுக்கிட்டு இருக்குறப்ப வலி வந்தா குறைக்குற மாத்திரைய நிறுத்தக்கூடாது. அது பாட்டுக்கு அது, வலிக்கு தனியா வைத்தியம். நிறுத்தி நிறுத்தி ஆரம்பிச்சா நம்பர் ஏறி இறங்கி ஒவ்வொரு தடவையும் வலிதான்.

இங்கிலாந்துல நாட்டிங்காம்ல நர்ஸுங்கள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, 2018ல வந்துச்சு. நோயாளிகிட்ட பொறுமையா இதையெல்லாம் விளக்கி, ரத்தம் பாத்து டோஸ் ஏத்திக் கொடுத்ததுல ரெண்டு வருஷம் கழிச்சு 95 சதவீதம் பேர் 6க்கு கீழ. வழக்கம்போல டாக்டர்கிட்ட போனவங்கள்ல 30 சதவீதம். ரெண்டு பக்கமும் அதே மாத்திரைங்கதான்.

கரிசல் (வியாழன், மதியம்)

ஏம்மா மீனா, ஒரு சந்தேகம். எங்க தம்பிக்கு கிட்னி மாத்தி ரொம்ப வருசமாச்சு, கோவில்பட்டில இருக்கான். அவனுக்கு கால் பெருவிரல்ல வீக்கம்னு இங்க உள்ளூர்ல காமிச்சு ஃபெபுக்சோஸ்டாட் எழுதிருக்காங்க, நேத்துதான் வாங்கியாந்துருக்கான், இன்னும் போடல. அவன் சாப்பிடுற மாத்திரைல அசதியோபிரின்னு ஒண்ணு இருக்கு. உங்க இழையப் படிச்சதும் பயந்துபோய் கேக்கேன்.

வார்டு அக்கா (வியாழன், மதியம்)

அண்ணாச்சி, போட விடாதீங்க!! அசதியோபிரின் சாப்பிடுறவங்க ஃபெபுக்சோஸ்டாட்டோ அலோபூரினாலோ சேத்தா அசதியோபிரின உடம்பு உடைக்குற வழி அடைபட்டு எலும்பு மஜ்ஜையே படுத்துடும், வெள்ளணு இறங்கி, சாதாரணக் காய்ச்சல் கூட ஆபத்துல போய் முடியும். எங்க வார்டுலயே இப்படி வந்து பாத்திருக்கேன். மாத்தி வச்ச ஆஸ்பத்திரி கிட்னி டாக்டர்கிட்ட இன்னைக்கே ஃபோன்ல பேசுங்க, அவங்க அசதியோபிரினுக்கு பதில் வேற கொடுக்கலாம், இல்ல வேற வழி சொல்லுவாங்க. அசதியோபிரின நீங்களா நிறுத்தவும் கூடாது, கிட்னி நிராகரிச்சிடும். இன்னொண்ணு, கிட்னி மாத்துனவங்களுக்கு கொடுக்குற சைக்ளோஸ்போரின்னு மாத்திரையும் சாப்பிடுறாரான்னு பாருங்க, அப்படின்னா கோல்ச்சிசினும் அவருக்கு அபாயம்.

கரிசல் (வியாழன், இரவு)

டாக்டர்ட்ட பேசியாச்சு தாயி. அந்த மாத்திரைய குப்பைல போடச் சொல்லிட்டாவ, திங்கக்கிழம வரச் சொல்லிருக்காவ. சைக்ளோஸ்போரினும் சாப்பிடுதான். நல்லா இருப்பீங்க.

பழையவலி (வெள்ளி, காலை)

இத்தனை வருஷம் எனக்கு ஒருத்தரும் இதெல்லாம் சொன்னதில்ல. சரி மீனாம்மா, சாப்பாடு? தக்காளி, பருப்பு, கீரை, காலிபிளவர் எல்லாத்தையும் வீட்டுல நிறுத்தி வச்சிருக்கா, ரசத்துக்கே வழியில்ல.

மருந்துக்கடை மீனா (வெள்ளி, காலை)

ரசத்த ஆரம்பிங்க அண்ணே. பருப்பு, கீரைல ப்யூரின் (உடம்புல யூரிக் ஆசிட்டா மாறுற பொருள்) இருந்தாலும் அதனால கவுட்டு கூடுறதா பெரிய ஆய்வுகள்ல தெரியல. ஈரல், கிட்னி, மூளை மாதிரி உள்ளுறுப்பு, மத்தி நெத்திலி, ஆட்டுக்கறி அதிகம், மது, சர்க்கரை போட்ட பாட்டில் பானம், இதுலதான் கை வைக்கணும். மோர், கொழுப்பில்லாத பால், காபி எல்லாம் நல்லதுதான். ஆனா எவ்வளவு கட்டுப்பாடா இருந்தாலும் சாப்பாட்டால ஒரு புள்ளி குறைஞ்சா பெருசு, 9லேர்ந்து 6க்கு கொண்டு வர்றது மாத்திரையாலதான். வலி வந்த நேரத்துல ரத்தம் எடுத்து நார்மல்னு வந்தா ஏமாறாதீங்க, அப்ப நம்பர் இறங்கிக் காட்டும், ரெண்டு மூணு வாரம் கழிச்சு திரும்ப பாக்கணும்.

டிகிரிகாபி (வெள்ளி, இரவு)

கடைசியா ஒண்ணு. 6க்கு கீழ வந்துட்டா மாத்திரைய நிறுத்திடலாமா? அப்பா இப்பவே தேதி கேக்குறார். இன்னொண்ணு, கார்த்திகைல மாலை போட்டு மலைக்கு போறது வழக்கம், இந்த வருஷமும் போறேங்கறார், வெறுங்கால் நடை வேற.

மருந்துக்கடை மீனா (வெள்ளி, இரவு)

நம்பர் வந்ததும் நிறுத்துனா கொஞ்ச மாசத்துல நம்பர் பழைய இடத்துக்கே போயிடும், இது பிரஷர் மாத்திரை மாதிரி நீளமா ஓடுற விஷயம். டோஸ் செட் ஆனப்புறம் ஆறு மாசம் இல்ல வருஷத்துக்கு ஒரு தடவ யூரிக் ஆசிட், கிட்னி, லிவர் பாத்தா போதும். ஒரு நாள் மறந்துட்டா மறுநாள் ரெண்டா போட வேண்டாம். அலோபூரினால் சாப்பாட்டுக்கப்புறம், நெறைய தண்ணியோட. ஜன் ஔஷதி கடைல கெடைக்கும், செலவு ரொம்ப கம்மி.

மலைக்கு போறது ஸ்டென்ட் வச்சவர், கிட்னி இப்பதான் தேறிட்டு வருது, அதனால மொத கார்டியாலஜிஸ்ட்டும் கிட்னி டாக்டரும் சரின்னு சொல்லணும். சொன்னா மாத்திரைய விரதத்துக்காக நிறுத்தக்கூடாது, தண்ணி குடிக்காம ஏறக்கூடாது, உடம்புல தண்ணி வத்துனாலே கவுட்டு வரும். வழில வலி வந்தா என்ன போடணும், எத்தனை போடணும்னு டாக்டர் கையால ஒரு சீட்டுல எழுதி வாங்கி கூடப் போற சாமிகிட்ட கொடுத்துடுங்க, அப்பா பாக்கெட்டுல வேண்டாம்.

டிகிரிகாபி (வெள்ளி, இரவு)

அவர் பாக்கெட்டுல இப்ப எதுவும் இல்ல அக்கா, அம்மா துணி துவைக்கிறப்ப தேடிப் பாத்துட்டாங்க. சித்தப்பாவும்தான் மலைக்கு வர்றார், அவர்கிட்டயே கொடுத்துடுறேன்.

வடமராட்சியான் (சனி, காலை)

சித்தப்பாட்டையும் ரத்தம் ஒருக்கா பாக்கச் சொல்லுங்கோ தம்பி, இது குடும்பத்தில ஓடுற வருத்தம். ஆனா நம்பரைப் பாத்திட்டு குளிசை துவங்கிப் போடாதேங்கோ, பேலன்ஸ்ஷீட் மாதிரி 😄

பேலன்ஸ்ஷீட் (சனி, காலை)

நான் எதுவும் ஆர்டர் பண்ணல பாஸ். எலும்பு டாக்டர் செருப்ப மாத்தச் சொல்லிருக்கார்.